கெண்டைக்கால் வலி என்றுதான் நினைத்தேன்

எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் யாராவது "கெண்டைக்கால் பிடிச்சிருக்கு, என்னா தைலம் தடவலாம்?" என்று கேட்டால் போதும், நான் விடமாட்டேன். உடனே கூப்பிட்டு, காய்ச்சல் இருக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா, இரண்டு வாரத்துக்குள் எந்தத் தண்ணீரில் கால் வைத்தாய் என்று போலீஸ் மாதிரி விசாரிப்பேன். "அண்ணே, ஒங்களுக்கு வந்தா ஊருக்கே வரணுமாலா?" என்று பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகக் கதை சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

என் பெயர் சந்திரன். வயது ஐம்பத்தொன்று. ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். டாக்டர்கள் போடுகிற கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பதுதான் இருபத்து மூன்று வருடமாக என் பிழைப்பு. ஊசித் துளை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று பீற்றிக்கொள்வேன். என் காலிலேயே துளை இருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

நாற்பத்தெட்டு வயதில், சர்க்கரை வரப்போகிறது என்று கிளினிக்கில் மிரட்டியதால் ஓட ஆரம்பித்தேன். முதல் மாதம் ஓடினேன் என்று சொல்வதே பாவம். தெரு நாய்கள்கூட எழுந்து பார்க்காமல் படுத்திருந்தன. மெல்லப் பழகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் சாகுல் அண்ணே என்னைப் பிடித்தார். எங்கள் தொழிற்சாலைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர்; வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

"என்னா சந்திரா, சும்மா ஓடி என்னா பிரயோஜனம்? நீ ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நான் ஒரு பிரியாணி பொட்டலம் தாரேன். பின்னால இருக்குற முதியோர் இல்லத்துக்குக் குடுப்போம். ஓடுனா சோறு, ஓடலன்னா இல்ல. கறாரா சொல்லிட்டேன்" என்றார்.

இல்லத்தில் இருபத்தாறு பேர். அப்படியென்றால் வாரத்துக்கு இருபத்தாறு கிலோமீட்டர், வருடத்துக்கு ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்திரண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் கைப்பேசியில் பதிவான தூரத்தை அவருக்குக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பொட்டலம் போகும். முதல் வாரத்தை விட்டால், இரண்டு வருடம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. இருபத்திரண்டு ஓடிவிட்டு நின்றால், பிரியாணி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நான்கு கிழவர்களின் முகம் தெரியும். மறுபடியும் லேஸைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இனி நான் செய்த ஒரு சத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு வடக்கே ஒரு பழைய ரப்பர் தோட்டம் இருக்கிறது. ரப்பரை வெட்டிப் பல வருடமாகிறது, இப்போது எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. உள்ளே செம்மண் சாலை, லாரித் தொல்லை இல்லை, நிழல் வேறு. ஓடுகிறவனுக்குச் சொர்க்கம். போன வருடம் அங்கே ஓடும்போது கால் பிசகி விழுந்து, கைப்பேசியில் லைன் கிடைக்காமல் இரண்டு மணி நேரம் கிடந்தேன். நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது என் மனைவி மல்லிகா வாசலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் தமிழ்ப்பள்ளி கேண்டீனில் சமைக்கிறவள். முந்நூறு பிள்ளைகளை அடக்கி ஆள்கிற குரல். அந்தக் குரலில், "இனிமே தார் ரோட்டுல மட்டுந்தான் ஓடுவேன், தோட்டத்துக்குள்ள போகமாட்டேன்னு மக தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க" என்றாள். தர்ஷினி எங்கள் ஒரே மகள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலையைக் குனிந்து, "சீக்கிரம் அடிங்கப்பா, ரசம் ஆறுது" என்றாள். அடித்தேன்.

போன வருடக் கடைசியில் பிடித்த மழை விடவேயில்லை. ஒரு வியாழக்கிழமை, பதினைந்து கிலோமீட்டர்தான் ஓடியிருந்தேன். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. ஆறு மணிக்குள் பதினொன்று ஓடியாக வேண்டும். தார் ரோட்டில் மணல் லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின; ஒரு லாரி என் முழங்கையை உரசாத குறை. தோட்டத்து முனையில் ஒரு நிமிடம் நின்றேன். பிறகு உள்ளே நுழைந்துவிட்டேன்.

நடுவில் ஓடை பொங்கிச் சாலையை மூடியிருந்தது. இருநூறு மீட்டர் போல, கெண்டைக்கால் அளவு பழுப்புத் தண்ணீர். திரும்பினால் நேரம் போய்விடும். இறங்கி நடந்தேன். எனக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு உண்டு. மழைக்காலத்தில் பிளந்து ரத்தம்கூட வரும். அன்றைக்கும் எரிந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தே முக்காலுக்குச் சாகுல் அண்ணனிடம் இருபத்தாறைக் காட்டினேன். அப்புறம் தொழிற்சாலைக் குழாயில், காலில் போட்டிருந்த சப்பாத்தின் செம்மண்ணை ஒரு பொட்டு இல்லாமல் கழுவித் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். திருட்டு வேலைக்கு மட்டும் மூளை எவ்வளவு நன்றாக ஓடுகிறது பாருங்கள்!

பத்து நாள் கழித்து இரண்டு கெண்டைக்காலும் வலித்தன. தொட்டால் அலறலாம் போல வலி. ஓடாதவனாக இருந்தால் இதென்னடா என்று பயந்திருப்பான். நான் ஓடுகிறவன் அல்லவா! மேட்டில் ஓடியதால் பிடித்துக்கொண்டது என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்தேன். தைலம் தடவினேன். மருந்துக் கடையில், குழுவில் எல்லாரும் சொல்கிற அந்த வலி மாத்திரையை வாங்கி, ஒன்று போடுகிற இடத்தில் இரண்டாகப் போட்டு, அந்த வலியோடு ஆறு கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் குளிர்க் காய்ச்சல் அடித்தது. மூன்று போர்வைக்குள் கட்டிலே ஆடியது.

எங்கள் வரிசையில் இரண்டு வீட்டில் டெங்கி வந்து, தெருவில் புகை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் கிளினிக்கில் ரத்தம் எடுத்ததும், தட்டணுக்கள் குறைவு, டெங்கியாக இருக்கலாம் என்று அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தட்டணுக்கள் என்பது ரத்தம் உறைவதற்கு உதவுகிற சின்னச் சின்ன அணுக்கள். அது குறைந்தால் உள்ளுக்குள் ரத்தம் கசியலாம். பதிவு மேசை, ரத்தம் எடுக்கிற இடம், எக்ஸ்ரே என்று ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து, கட்டில் கிடைக்க ஏழு மணி நேரம் ஆனது. மல்லிகா என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்தபடியே ஏழு மணி நேரமும் உட்கார்ந்திருந்தாள். கழிப்பறைக்குக்கூட எழுந்து போகவில்லை.

டெங்கி என்ற சொல் காதில் விழுந்ததும் ஊர் சும்மா இருக்குமா? மல்லிகா பப்பாளி இலையை இடித்துச் சாறு கொண்டுவந்தாள். அந்தக் கசப்புக்குக் காய்ச்சலே தேவலாம். பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டி நண்டு சூப் வைத்து ஃபிளாஸ்கில் அனுப்பினார். "குடிங்க, தட்டணு ஏறும்" என்று ஆளுக்கு ஒரு பக்கம் வாயில் ஊற்றினார்கள். நர்ஸ் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டார்.

எங்கள் வார்டு டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா. நோராய்னி என்று பெயர். அவசரப்படாதவர். கட்டிலின் ஒரு பக்கம் மல்லிகா, மறுபக்கம் காம்பார் பல்கலைக்கழக விடுதியிலிருந்து ஓடி வந்த தர்ஷினி. டாக்டர் என்னைப் பார்த்து மலாயில் கேட்டார்: "இந்த இரண்டு வாரத்துக்குள் ஆற்றில் குளித்தீர்களா? நீர்வீழ்ச்சிக்குப் போனீர்களா? வெள்ளத்தில், சேற்றில் கால் வைத்தீர்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா முந்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். கிளினிக்கானாலும் வங்கியானாலும் கோயில் அர்ச்சனைச் சீட்டானாலும் எனக்காகப் பேசுவது அவள்தான். "இல்ல டாக்டர். இவரு ஓடுவாரு, ஆனா தார் ரோட்டுல மட்டுந்தான். தோட்டத்துப் பக்கமே போகமாட்டாரு. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காரு" என்று மலாயில் படபடவென்று சொன்னாள். அந்தச் சத்தியம் எப்படிப்பட்டது என்று விளக்க மலாய்ச் சொல் கிடைக்காமல், கையை நீட்டித் தர்ஷினியின் உச்சந்தலையில் அடித்துக் காட்டினாள்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்தபடி, "அப்படித்தானா, என்சிக்?" என்று மரியாதையாக என்னிடம் கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

எலிக் காய்ச்சல் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். இங்கே அதற்குக் கென்சிங் திக்குஸ் என்று பெயர். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வருகிறது என்று நீர்வீழ்ச்சிக்கு நீர்வீழ்ச்சி பலகை வைத்திருக்கிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் எலிக்கா பஞ்சம்? எல்லாம் தெரியும். ஆனால் தலையில் அடிபட்டவள் கட்டில் பக்கத்தில் நிற்கிறாள். அவள் தலையை வைத்துச் செய்த சத்தியத்தை ஒரு பதினொரு கிலோமீட்டருக்காக உடைத்தேன் என்று, அவளையும் அவள் அம்மாவையும் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? டெங்கியாகத்தான் இருக்கும் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்றதற்கும் தைலம்தான் என்றேன்.

டெங்கிக்கான முதல் சோதனையில் இல்லை என்று வந்தது. ஆனாலும் சில சமயம் தாமதமாகத் தெரியும், பார்ப்போம் என்றார் டாக்டர். இரண்டு நாள் டிரிப் மட்டும் ஏறியது. என் கண்கள் மிளகாய்ப் பொடி விழுந்தது போலச் சிவந்தன, ஆனால் பீளை இல்லை. தோல் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. இன்னொன்றும் நடந்தது: எனக்கு மூத்திரம் வரவில்லை. உள்ளே லிட்டர் கணக்கில் தண்ணீர் போகிறது, வெளியே அரைக் குவளைகூட வரவில்லை. தண்ணீர் நிறைத்த கையுறையைத் தொங்கவிட்ட மாதிரி என் முகமும் காலும் ஊதின.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. அந்த நிலையிலும் என் புத்தி பொட்டலத்தை விடவில்லை. காய்ச்சலுக்கு முன்னால் ஓடிய ஆறு கிலோமீட்டர் கணக்கில் இருக்கிறதே, ஆறு பேராவது சாப்பிடட்டும் என்று, என் கைப்பேசியைத் தர்ஷினியிடம் கொடுத்து, "ஓட்டக் கணக்கத் தொறந்து சாகுல் அண்ணனுக்கு அனுப்பிடும்மா" என்றேன். மல்லிகா கேண்டீனுக்குப் போயிருந்தாள். பிள்ளை திறந்தாள். ஓட்டம் பதிவாகிற செயலியில் தூரம் மட்டுமா இருக்கும்? போன வழியெல்லாம் வரைபடத்தில் நீலக் கோடாக விழுந்திருக்கும். அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனவள் நின்றுவிட்டாள்.

"அப்பா, இது தோட்டம்தானே?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்த எடத்துல ஓடைல்ல இருக்கு. அன்னிக்குப் பயங்கர மழை. தண்ணியில எறங்கினீங்களா?"

"அம்மாகிட்ட சொல்லிறாதம்மா" என்றேன். சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது. ஐம்பத்தொரு வயது ஆள், பெற்ற பிள்ளையிடம் இப்படிக் கெஞ்சுகிறேன்.

அவள் எழுந்தாள். கோபமில்லை, முகம் வெளுத்திருந்தது. "அம்மாகிட்ட சொல்லல. டாக்டர்கிட்ட சொல்லப் போறேன். வேற எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்கப்பா. எல்லாத்தையும் ஒரே தடவையா சொல்லணும்."

வலி மாத்திரையையும் சொன்னேன். எத்தனை போட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் ஓடினாள். எங்கள் குடும்பத்தில் அன்றைக்கு நேர் வழியில் ஓடியவள் அவள்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு மணி நேரத்துக்குள் பெனிசிலின் ஊசி ஏறியது. ரத்தம் தனிச் சோதனைக்குப் போனது. சாயங்காலம் மல்லிகா சாப்பாட்டு டப்பாவோடு வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து டாக்டர் நோராய்னி வந்தார். அவருக்கு எங்கள் வீட்டு விவகாரம் என்ன தெரியும்? "உங்கள் மகள் அந்தத் தோட்டத்து வெள்ளத்தைப் பற்றிச் சொன்னது நல்லதாகப் போயிற்று" என்று மல்லிகாவிடம் புன்னகையோடு சொன்னார். பிறகு விளக்கினார். எலிக் காய்ச்சல் கிருமி பித்தவெடிப்பு வழியாக உள்ளே போயிருக்க வேண்டும். அதன் முதல் அடையாளங்களில் ஒன்றே கெண்டைக்கால் வலி. அது சிறுநீரகத்தை அடித்தது. நான் போட்ட வலி மாத்திரை அடிபட்ட இடத்திலேயே மறுபடி அடித்தது. சிறுநீரகம் நின்றுவிட்டதால் ரத்தத்தில் கழிவு சேர்ந்துகொண்டே போகிறது. நாளை கழுத்தில் குழாய் போட்டு, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

"திரும்ப வேலை செய்யுமா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் செய்யும். ஆனால் தாமதமாகிவிட்டது. காத்திருந்துதான் பார்க்க வேண்டும்."

செய்யாவிட்டால் வாரத்துக்கு மூன்று நாள், சாகிற வரைக்கும் இயந்திரம். அதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும். மல்லிகா டப்பாவின் மூடியைப் போட்டு அழுத்தி மூடினாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று தயாராக இருந்தேன். அவள் ஈரத் துணியை எடுத்து என் கழுத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கழுத்தில் குழாய் போடுவது கேட்கப் பயங்கரமாக இருக்கும். மரத்துப்போக ஊசி போட்டுவிடுவதால், அழுத்துவது மட்டும்தான் தெரியும். இயந்திரத்தில் நான்கு மணி நேரம் சும்மா படுத்திருக்க வேண்டும். நம்முடைய ரத்தம் குழாயில் வெளியே போய், சல்லடை போன்ற ஓர் உருளைக்குள் நுழைந்து, திரும்பி வருவதை நாமே பார்க்கலாம். நடுநடுவே குளிர் எடுக்கும். நர்ஸ் மாட்டியிருந்த கையுறையின் விரல் நுனியைப் பார்த்தேன். எங்கள் தொழிற்சாலைச் சரக்கா என்று தெரியவில்லை. யார் செய்திருந்தாலும் ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன்.

அடுத்த கட்டிலில் பாகான் செராய் ஊர்க்காரர் ஒரு பாக் சிக், மலாய்க்காரப் பெரியவர், இருந்தார். நெல் விவசாயி, ஈப்போவில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் காய்ச்சலில் விழுந்தாராம். அவருக்கும் எனக்கு வந்த அதே நோய். "வந்து சேர்ந்ததுமே வயலில் இறங்குகிறவன் என்று சொல்லிவிட்டேன், அன்றைக்கே ஊசி போட்டார்கள்" என்றார். நான் சேர்ந்ததற்கு மறுநாள் வந்த மனிதர், ஐந்தாம் நாள் தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். எனக்குக் கை கொடுத்துவிட்டு, "நீங்கள் எந்த வயலில் இறங்கினீர்கள்?" என்று கேட்டார். நான் ஏதோ முனகி வைத்தேன்.

மல்லிகா தினமும் காலையில் கேண்டீன் வேலையை முடித்துவிட்டு நேராக வருவாள். உப்பில்லாத கஞ்சி, வெந்த பூசணி என்று டாக்டர் சொன்னதை மட்டும் கொண்டுவந்து ஊட்டுவாள். நகம் வெட்டிவிட்டாள். பித்தவெடிப்பில் நர்ஸ் சொன்ன களிம்பைத் தடவிவிட்டாள். எல்லாவற்றையும் செய்தாள், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. "வாயத் தொறந்து திட்டித் தொலையேன்" என்றுகூட ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "கஞ்சி ஆறுது, குடிங்க" என்றாள். இருபத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் குரலுக்குப் பயந்திருக்கிறேன். குரல் இல்லாததற்கு அந்த வாரம்தான் பயந்தேன்.

இரண்டாவது தடவை இயந்திரத்துக்குப் போய் வந்த அன்று சாகுல் அண்ணே வந்தார். என் கழுத்துக் குழாயைப் பார்த்துவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"அண்ணே, போன வாரம் ஆறு பொட்டலந்தான் போயிருக்கும். இந்த வாரம் ஒண்ணுமே இல்ல. மன்னிச்சிருங்க."

"என்னா ஒளறுற? இருபத்தாறும் போச்சு."

"எப்படி? நான் ஓடலியே."

அவர் தலையைச் சொறிந்தார். "சந்திரா, நீ ஓடுனாலும் ஓடலன்னாலும் அங்க இருபத்தாறு போயிட்டுத்தான் இருக்கு. நீ ஆரம்பிச்ச முதல் வாரத்துல வெறும் ஒம்போதுதானே ஓடுன? அன்னிக்கே இருபத்தாறுதான் அனுப்புனேன். பெரியவங்கள வரிசையில நிக்க வச்சி ஒனக்கு உண்டு, ஒனக்கு இல்லன்னா சொல்வாங்க? ஒனக்கு சக்கர வரக்கூடாதுன்னு சும்மா வெரட்டுனேன்லா."

எனக்கு வந்த கோபத்துக்கு, குழாய் மட்டும் இல்லாவிட்டால் எழுந்து அவரை அறைந்திருப்பேன். பிறகு சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுத்து வலித்தது. அந்தப் பதினொரு கிலோமீட்டரை நான் யாருக்காக ஓடினேன்? யாருக்காகவும் இல்லை. தவறாத ஆள் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். சாகுல் அண்ணே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதல்லயே சொல்லியிருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். பாவம், அவரைச் சமாதானப்படுத்துவதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

மூன்றாவது தடவையும் இயந்திரம் முடிந்தது. நான்காவதற்கு நாள் குறித்திருந்தார்கள். என் கட்டிலின் கீழே அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குடுவை தொங்கும். வருகிற மூத்திரத்தையெல்லாம் அதில் பிடித்து எழுதி வைக்க வேண்டும். பல நாளாக அதன் அடிக்கோட்டைத் தாண்டவில்லை. மனிதன் எதற்கெல்லாம் வேண்டிக்கொள்வான் என்று சொல்லவே முடியாது. மாரியம்மா, வேறொன்றும் வேண்டாம், மூத்திரம் வந்தால் போதும் என்று நான் வேண்டினேன்.

ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், அடிவயிறு முட்டியது. முதலில் நம்பவில்லை. மல்லிகா திரையை இழுத்துவிட்டுக் குடுவையைக் கொடுத்தாள். வந்தது. நின்று, மறுபடி வந்தது. வந்துகொண்டே இருந்தது. அவள் குடுவையை ஜன்னல் பக்கம் உயர்த்திப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக் கோட்டைப் படித்தாள். "முந்நூத்தி அம்பது" என்றாள். குரல் உடைந்துவிட்டது. குடுவையைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"மல்லிகா, பொழச்சிட்டேன். ஏன் அழற?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"புள்ள தலையில அடிச்சத மீறிட்டேன். தப்புதான். அவளுக்கு ஒண்ணும் ஆவாது, நான் வேணும்னா கோயில்ல…"

"அவ தலைக்கு என்னா வரப் போவுது?" என்றாள். அத்தனை நாள் அடைத்திருந்த குரல் தாழ்வாகத்தான் வந்தது. "நான் அத நெனைக்கல. டாக்டர் ஒங்களத்தான் கேட்டாங்க. நான் முந்திக்கிட்டு இல்லன்னு சொன்னேன். மக தலையில அடிச்சுக் காட்டுனேன். நீங்க பாத்துக்கிட்டு சும்மா படுத்திருந்தீங்க. நீங்க போயிருந்தீங்கன்னா, மருந்து குடுக்க வுடாம பண்ணது நாந்தானே? அதுகூட தெரியாம காலம்பூரா டெங்கியில போயிட்டாருன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன். ஒங்க வாயால ஒங்கள கொல்ல முடியாம, என் வாயால செய்ய வச்சீங்களே."

அப்படி ஒரு கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. எத்தனை நாளாக என் உயிரையும் மகள் தலையையும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன அந்த "இல்லை" எங்கே போய் நிற்கிறது என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அழுதேன். வெட்கமில்லாமல்தான் அழுதேன்.

"அன்னிக்கு மட்டும் இல்ல" என்றேன். "அதுக்கு முன்னாடியும் மூணு தடவ தோட்டத்துக்குள்ள போயிருக்கேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து திரையைத் தள்ளினாள். "இனிமே டாக்டர் கேக்குற எடத்துல நான் நிக்கமாட்டேன். கேட்டா நீங்களே சொல்லிக்குங்க" என்றாள். குடுவையை எடுத்துக்கொண்டு நர்ஸிடம் போனாள்.

நான்காவது இயந்திரம் தேவைப்படவில்லை. பதினேழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இதை எழுதும் இப்போது நான்கு மாதம் ஆகிறது. ரத்தக் கழிவு அளவு இறங்கிவிட்டது. வலி மாத்திரை பக்கம் இனி எந்தக் காலத்திலும் போகக்கூடாது. மெதுவாக மூன்று கிலோமீட்டர் வரை ஓடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தார் ரோட்டில், மழை இல்லாத நாளில், வார இறுதியில் வீட்டுக்கு வரும் தர்ஷினி சைக்கிளில் பின்னால் வர ஓடுகிறேன். போன வருட இலக்கு நிறைவேறவில்லை. பெரியவர்கள் ஒரு வாரம்கூடப் பட்டினி இல்லை. வீட்டில் மல்லிகா பழையபடி பேசுகிறாள், திட்டுகிறாள், வங்கியில் எனக்காகச் சண்டையும் போடுகிறாள்.

போன வாரம் பரிசோதனைக்குப் போனோம். காலை ஏழு மணிக்கே என்னோடு வந்து, எண் சீட்டு எடுத்து, பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக அடுக்கித் தந்தது அவள்தான். என் எண்ணைக் கூப்பிட்டதும் கோப்பை என் கையில் கொடுத்துவிட்டு, வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே டாக்டர் நோராய்னி, "மனைவி வரவில்லையா?" என்று கேட்டார்.

"வெளியே இருக்கிறாள்" என்றேன்.

மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, ஒரு வேளைகூடத் தவறவில்லையா என்று கேட்டார். பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். காலியாக இருந்தது. இரண்டு வேளை தவறியதை நானே சொன்னேன்.